இசக்வா சால்மன் பொரிப்பகம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சியாட்டிலுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் இருக்கிற சின்ன ஊர் இசக்வா. ஊர் நடுவே ஓர் ஓடை. அதன் கரையில் வாஷிங்டன் மாநில மீன், வனவிலங்குத் துறை நடத்தும் சால்மன் பொரிப்பகம். இலையுதிர்கால வார இறுதிகளில் வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. சமாமிஷ், ரெட்மண்ட், பெல்வியூ பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருப்பதால், நான் தமிழ் பேசுவது காதில் விழுந்தால் போதும், ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிடும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாக்கள்தான் அதில் பாதிப் பேர். கேள்விகளும் பெரும்பாலும் அதே கேள்விகள். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துப்போய் ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

பொரிப்பகம்னா மீன் பண்ணைதானே?

இல்லை. பண்ணையில் மீனை விற்பனைக்கு வரும் வரை அடைத்து வைத்து வளர்ப்பார்கள். இங்கே முட்டையைப் பொரிக்க வைத்து, குஞ்சு விரல் நீளம் வந்ததும் ஓடையில் விட்டுவிடுவார்கள். மீதி வளர்ச்சியெல்லாம் பசிபிக் பெருங்கடலில். சில வருஷம் கழித்து, பெரிய மீனாகி, யாரும் கூப்பிடாமலே இதே ஓடைக்குத் திரும்பி வரும். திரும்பி வந்த மீனிலிருந்து அடுத்த தலைமுறைக்கு முட்டை எடுப்பார்கள்.

நம்ம ஊர்ல காலா மீனைக்கூட 'இந்தியன் சால்மன்'னு போட்டு விக்கிறாங்களே, அதுதானா இது?

பெயர்தான் ஒன்று, குடும்பம் வேறு. காலா வெப்பக்கடல் மீன், தாடைக்குக் கீழே நூல் நூலாக மீசை மாதிரி இருக்கும். சால்மன் குளிர்நாட்டு மீன். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, சாவதற்கு ஆற்றுக்கே வரும். கடைக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை, அந்தப் பெயர் ரொம்ப காலமாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

எப்ப வந்தா மீன் பார்க்கலாம்?

செப்டம்பர், அக்டோபரில் சினூக் வகைச் சால்மன். அக்டோபர், நவம்பரில் கோஹோ வகை. நல்ல மழை பெய்து ஓடையில் தண்ணீர் ஏறிய மறுநாள் வந்தால் ஏமாற மாட்டீர்கள். அக்டோபர் முதல் வார இறுதியில் ஊரே கூடி 'சால்மன் டேஸ்' திருவிழா நடத்தும். 1970லிருந்து நடக்கிறது. திருவிழா பார்க்க வேண்டுமென்றால் அன்றைக்கு வாருங்கள். மீன் பார்க்க வேண்டுமென்றால் தயவுசெய்து அன்றைக்கு வராதீர்கள். கார் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். வேறொரு நாள் காலையில் பாலத்து மேல் நின்று பார்ப்பதுதான் சுகம். போலராய்டு கண்ணாடி இருந்தால் எடுத்து வாருங்கள். தண்ணீர் மேல் அடிக்கும் வெளிச்சம் விலகி, அடியில் நிற்கும் மீன் பளிச்சென்று தெரியும். நுழைவுக் கட்டணம் கிடையாது.

எல்லாம் ஒரே மாதிரி இருக்கே, எத்தனை வகை இருக்கு?

இந்தப் பக்கத்துப் பசிபிக் சால்மன் ஐந்து வகை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைவிரலை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்போம். கட்டைவிரல் 'தம்ப்', அதோடு எதுகையாகச் 'சம்'. ஆள்காட்டி விரலால் கண்ணைக் குத்துவது போல் காட்டினால் 'சாக்கை'. நடுவிரல்தான் உயரம், அது ராஜா, 'கிங்' என்கிற சினூக். மோதிர விரலுக்கு வெள்ளி மோதிரம், 'சில்வர்' என்கிற கோஹோ. சுண்டுவிரல் 'பிங்கி', அது 'பிங்க்'. ஆறு வயசுப் பிள்ளை ஒரு தடவை கேட்டால் மறக்காது. அப்பாக்கள்தான் மறுபடி கேட்பார்கள்.

பொரிப்பகத்தில் முக்கியமாகப் பார்ப்பது சினூக்கும் கோஹோவும். வாலும் ஈறும் பாருங்கள். சினூக்குக்கு வால் முழுக்கக் கறுப்புப் புள்ளி, ஈறும் கறுப்பு. கோஹோவுக்கு வாலின் மேல்பாதியில் மட்டும் புள்ளி, ஈறு வெளுத்திருக்கும்.

கோயில் குளத்துல போடற மாதிரி மீனுக்குப் பொரி போடலாமா தம்பி?

கேட்டவர் மதுரைப் பக்கத்துப் பெரியவர். 'தம்பி' என்று கூப்பிட்டது பக்கத்தில் நின்ற பையனைத்தான், பதில் சொன்னது நான். போட வேண்டாம். போட்டாலும் சாப்பிடாது. கடலிலிருந்து நன்னீருக்குள் நுழைந்ததுமே சால்மன் சாப்பிடுவதை நிறுத்திவிடும். உடம்பில் சேர்த்த கொழுப்பை எரித்துத்தான் மேலே ஏறி வருகிறது. நீங்கள் பார்க்கிற மீன் ஒவ்வொன்றும் வாரக்கணக்கில் பட்டினி. பொரி ஊறி அழுகித் தண்ணீரைத்தான் கெடுக்கும்.

கடல்லேந்து இங்க எப்படி வருது? வழி யார் சொல்லிக் கொடுத்தது?

கடற்கழியான ப்யூஜெட் சவுண்டிலிருந்து, பாலார்ட் லாக்ஸ் என்கிற கப்பல் மதகுகளின் ஓரத்தில் கட்டியிருக்கும் மீன் படிக்கட்டில் 21 படி ஏறி, கால்வாய் வழியாக வாஷிங்டன் ஏரி, சமாமிஷ் ஆறு, சமாமிஷ் ஏரி, கடைசியில் இசக்வா ஓடை. அந்த மதகுகள் 1917ல்தான் திறக்கப்பட்டன. கால்வாய் வெட்டியதில் வாஷிங்டன் ஏரி சுமார் 9 அடி இறங்கி, அதற்கு முன் ஏரி நீர் வெளியேறிய பிளாக் ஆறு வற்றியே போனது. இந்த மீன்களின் பழைய பாதை அதுதான். வாசலையே மாற்றி வைத்த பிறகும் வீடு கண்டுபிடித்து வருகிறதே என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

வழி தெரிவது, கரை நெருங்கிய பிறகு, மூக்கால். இதை நிரூபித்த சோதனைகளில் ஒன்று இதே ஓடையில்தான் நடந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ஆர்தர் ஹாஸ்லரும் வாரன் விஸ்பியும் இசக்வா ஓடையிலும் அதன் கிழக்குக் கிளையிலும் கோஹோக்களைப் பிடித்து, பாதி மீன்களின் மூக்கைப் பஞ்சால் அடைத்து, இரண்டும் சேரும் இடத்துக்குக் கீழே கொண்டுபோய் விட்டார்கள். மூக்கு திறந்திருந்தவற்றில் பெரும்பாலானவை பிடிபட்ட கிளைக்கே போயின. அடைத்தவை தடுமாறின. 1954ல் முடிவு வெளியானது. ஹாஸ்லருக்கு இந்த யோசனை வந்ததே, சிறு வயதில் வளர்ந்த யூட்டா மலைப்பக்கம் நடந்தபோது பாசியும் பூவும் கலந்த வாசனை பழைய ஞாபகங்களைக் கிளப்பியதால்தானாம். குஞ்சு கடலுக்குக் கிளம்பும் பருவத்தில் ஓடையின் வாசனை அதன் மூளையில் பதிகிறது. பொரிப்பகத் தொட்டிகளில் ஓடைத் தண்ணீரையே ஓடவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இயற்கையா முட்டை போடற மீனுக்கு மனுஷன் எதுக்குங்க?

மனுஷன் கெடுத்ததால்தான். நூறு வருஷத்துக்கு முன் இந்த மலைகளில் நிலக்கரி தோண்டினார்கள், காட்டை வெட்டினார்கள். ஓடையில் மீன் அற்றுப்போகும் நிலை வந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அரசு எடுத்த கட்டுமானத் திட்டத்தில், 1936ல் இந்தப் பொரிப்பகம் எழுந்தது. சினூக் முட்டை பக்கத்துக் கிரீன் ஆற்றிலிருந்து கொண்டுவரப்பட்டது. அதாவது இன்றைக்கு நீங்கள் பார்க்கும் சினூக்கின் கொள்ளுப்பாட்டி வேறு ஆற்றுக்காரி.

1990களின் தொடக்கத்தில் செலவைக் காட்டி இதை மூடிவிடலாம் என்ற பேச்சு வந்தது. ஊர்க்காரர்கள் விடவில்லை. அப்போது சேர்ந்த கூட்டம்தான் 'பிரெண்ட்ஸ் ஆஃப் தி இசக்வா சால்மன் ஹாட்சரி' என்கிற அமைப்பு. சுற்றிக்காட்டுவது, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர்கள் ஏற்பாடு. மீனைப் பார்த்துக்கொள்வது மாநிலத் துறையின் ஊழியர்கள்.

அக்கா, மீனை மண்டையில அடிச்சுக் கொல்றாங்களே! காப்பாத்தற இடம்னு சொன்னீங்க?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கொஞ்சம் கோபத்தோடும் வரும். பசிபிக் சால்மன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் முட்டையிடும். இட்டதும் ஓரிரு வாரத்தில் செத்துவிடும். ஓடையில் விட்டாலும் அதே முடிவுதான், இன்னும் மெதுவாக. அப்படி ஒரு மீனை உற்றுப் பார்த்திருக்கிறேன்: வால் தேய்ந்து எலும்பு வெளியே தெரிய, முதுகில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்து, கண் மங்கி, அப்படியும் தண்ணீரை எதிர்த்து நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு அடி பெரிய கொடுமை இல்லை என்பது என் எண்ணம். உங்களுக்கு அப்படித் தோன்றாவிட்டால் நான் வாதாட மாட்டேன்.

முறை இதுதான். சினை மீனின் வயிற்றை ஊழியர் கையால் அமுக்கிப் பார்ப்பார். கெட்டியாக இருந்தால் முட்டை இன்னும் பழுக்கவில்லை, திரும்பத் தொட்டிக்கு. தளர்ந்து, உள்ளே கோலிக்குண்டு உருளுவது போல் இருந்தால் தயார். ஒரே அடி. பிறகு சிறு கத்தியால் வயிற்றைக் கீறினால், ஆரஞ்சு நிற முட்டைகள் வாளியில் கொட்டும். சினூக்குக்கு 4,000, 5,000 கூட இருக்கும். ஆண் மீனைப் பிடித்து வயிற்றைப் பிதுக்கினால் பால் மாதிரி விந்து நீர். இரண்டையும் கலந்து தண்ணீர் சேர்த்ததும் விந்தணுக்கள் உயிர் பெறும், ஒரு நிமிஷம்கூட ஓடாது. அதற்குள் சேர வேண்டியது சேர்ந்துவிடும். பிறகு முட்டையை அயோடின் கலந்த நீரில் கழுவி, அடுக்கடுக்கான தட்டுகளில் வைத்து, மேலிருந்து கீழ் வரை குளிர்ந்த தண்ணீர் ஓடவிடுவார்கள். பத்து டிகிரித் தண்ணீர் என்றால் சுமார் ஐம்பது நாளில் பொரிக்கும்.

இதை குழந்தைக்குக் காட்டலாமா? நாங்க சைவம்.

உங்கள் விருப்பம். முட்டை எடுக்கும் நாளா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வந்தால் அந்தப் பக்கம் போகாமலே மற்றதையெல்லாம் பார்த்துவிடலாம். என் அனுபவத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வது பெரியவர்கள்தான். பிள்ளைகள் முன்னால் நகர்ந்து வந்து, 'அது என்ன, இது என்ன' என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

செத்த மீனை என்ன செய்றாங்க? கேட்டா தருவாங்களா?

கேட்டால் தரமாட்டார்கள். நானும் ஒரு தடவை, சும்மா தெரிந்துகொள்ளத்தான், கேட்டுப் பார்த்தேன். மாநிலப் பொரிப்பகங்களில் உண்ணும் தரத்தில் இருப்பவை உணவு வங்கிகளுக்குப் போவதுண்டு. முட்டை எடுத்த உடல்களைப் பல இடங்களில் ஓடைகளிலேயே கொண்டுபோய்ப் போடுகிறார்கள்.

குப்பை கொட்டுவது போல் தோன்றும். ஆனால் கடலில் தின்று சேர்த்த சத்து முழுக்க அந்த உடம்பில் இருக்கிறது. பூச்சி தின்னும், பூச்சியைக் குஞ்சு தின்னும். கரடியும் கழுகும் இழுத்துப்போய்ப் பாதி தின்று போட்டது மரத்துக்கு உரமாகும். கடலிலிருந்து வந்த நைட்ரஜனை ஓடைக்கரை மரங்களில் அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

ஓடையில இறங்கி விளையாடலாமா? எங்க நாய்க்குத் தண்ணின்னா உயிர்.

இலையுதிர்காலம் தொடங்கி வசந்தம் வரை இறங்காதீர்கள். பெண் மீன் வாலால் சரளைக்கல்லைத் தோண்டி, முட்டையிட்டு, மேலே கல்லால் மூடிவிட்டுப் போயிருக்கும். கொஞ்சம் வெளிறிய கல்மேடு போலத் தெரியும், பல நேரம் அதுவும் தெரியாது. ஒரு காலடி பட்டால் உள்ளே இருக்கும் முட்டை நசுங்கும்.

நாய் விஷயம் இன்னும் முக்கியம். இந்தப் பக்கத்துச் சால்மனைப் பச்சையாகத் தின்ற நாய்க்குச் 'சால்மன் விஷநோய்' வரலாம். மீனின் உடம்பில் இருக்கும் ஒரு தட்டைப்புழு, அதற்குள் இருக்கும் ஒரு நுண்கிருமி, இரண்டும் சேர்ந்து செய்யும் வேலை. சில நாளில் வாந்தி, பேதி, காய்ச்சல். கவனிக்காவிட்டால் பெரும்பாலும் உயிர் போய்விடும். கவனித்தால் ஆன்டிபயாடிக்கில் சரியாகும். கரையில் செத்துக் கிடக்கும் மீனை நாய் கவ்வியது தெரிந்தால், மருத்துவரிடம் போனதும் அதை முதலில் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்துல முட்டையைக் குடுத்து வளர்க்கச் சொல்றாங்களாமே? வீட்லயும் வளர்க்கலாமா?

வீட்டில் முடியாது, அனுமதி வேண்டும். பள்ளிகளில் பல வருஷமாக நடக்கிறது. குளிர்காலத்தில் கண் வைத்த முட்டைகள் வரும். 'கண் வைத்த' என்பது வெறும் பேச்சு இல்லை. முட்டைக்குள் இரண்டு கறுப்புப் புள்ளி நிஜமாகவே தெரியும், அந்தப் பருவத்தில்தான் முட்டையை இடம் மாற்றலாம். அதற்கு முன் லேசாக ஆட்டினாலே செத்துவிடும். மீன் தொட்டிக்குக் குளிரூட்டும் இயந்திரம் உண்டு. வெளிச்சம் ஆகாது என்பதால் சுற்றிலும் நுரைப்பலகை கட்டியிருப்பார்கள்.

ஒரு வகுப்பில் டீச்சர் அந்தப் பலகையை ஒரு விரல் அகலம் நகர்த்திக் காட்டியதைப் பார்த்தேன். இருபது பிள்ளைகள், சத்தமே இல்லை. உள்ளே அப்போதுதான் பொரித்த குஞ்சுகள், வயிற்றில் மஞ்சள்கருப் பை தொங்க, கல்லிடுக்கில் ஒண்டிக்கொண்டிருந்தன. பை தீரும் வரை அதற்குச் சாப்பாடு வேண்டாம், அம்மா கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு மாதிரி. வசந்தத்தில் பிள்ளைகளே ஆளுக்கொரு கோப்பையில் எடுத்துவந்து ஓடையில் விடுவார்கள். பெயர் வைக்காத பிள்ளை கிடையாது. 'தளபதி' என்ற பெயரில் ஒரு கோஹோ கடலுக்குப் போயிருக்கிறது.

விட்ட குஞ்சுல எத்தனை திரும்பி வரும்?

ரொம்பக் குறைவு. பெரும்பாலான வருஷங்களில் நூற்றுக்கு ஒன்று தேறுவதே கஷ்டம். முட்டையிலிருந்து குஞ்சு வரை பொரிப்பகத்தில் பெரும்பங்கு பிழைத்துவிடும், ஓடையிலே என்றால் அதில் சின்னப் பங்குதான் பிழைக்கும். அந்த ஒரு கட்டத்தில்தான் பொரிப்பகத்தால் உதவ முடியும். வெளியே விட்ட பிறகு பெரிய மீன், பறவை, கடல்சிங்கம், சூடேறிய கால்வாய்த் தண்ணீர், வலை. அங்கே பொரிப்பகத்தின் கை எட்டாது.

சில மீனுக்கு முதுகுல ஒரு துடுப்பு இல்லையே, வெட்டிட்டாங்களா?

ஆமாம். பெரிய முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே கொழகொழவென்று ஒரு குட்டித் துடுப்பு உண்டு. பொரிப்பகக் குஞ்சுகளுக்கு அதை நறுக்கிவிடுவார்கள். தூண்டில்காரர் மீனைப் பிடித்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். பல இடங்களில் துடுப்பு இல்லாததை மட்டுமே எடுத்துப்போகலாம், இருந்தால் திரும்ப விட்டுவிட வேண்டும். சில குஞ்சுகளுக்கு மூக்கில் ஒரு மில்லிமீட்டர் அளவு கம்பித்துண்டு வைப்பார்கள். எந்தப் பொரிப்பகம், எந்த வருஷம் என்பது அதில் பொறித்திருக்கும். அதைப் படிக்க மீன் செத்தாக வேண்டும் என்பதுதான் குறை.

நானும் தன்னார்வலரா சேரலாமா? எனக்கு மீனைப் பத்தி ஒண்ணும் தெரியாது.

எனக்கும் தெரியாமல்தான் சேர்ந்தேன். சீசனுக்கு முன் பயிற்சி கொடுப்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாத மனசுதான் வேண்டும். தமிழ், தெலுங்கு, இந்தி, சீனம் பேசுகிறவர்கள் இருந்தால் வருகிற தாத்தா பாட்டிகளுக்கு நல்லது. பேச விருப்பமில்லை என்றால் மண்வேலை இருக்கிறது. 'மவுண்டன்ஸ் டு சவுண்ட் கிரீன்வே' அறக்கட்டளை போன்ற அமைப்புகள் ஓடைக்கரைகளிலும் சமாமிஷ் ஏரிப் பூங்காவிலும் மரம் நடுகின்றன. உண்மையைச் சொன்னால், சுற்றிக்காட்டுவதைவிட மீனுக்கு அதிகப் பயன் அந்த மண்வேலைதான். கரையில் நிழல் இருந்தால்தான் கோடையில் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும்.

நல்லா காய்ச்சுத் தொங்குற பிளாக்பெர்ரியைப் போய் வெட்டச் சொல்றாங்க, அது பாவம் இல்லையா?

பழம் ருசிதான், ஆகஸ்டில் நானும் பறிப்பேன். ஆனால் அது வந்தேறிச் செடி. 'இமாலயன் பிளாக்பெர்ரி' என்று பெயர், இமயமலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆர்மீனியா பக்கத்துச் செடி, 1880களில் லூதர் பர்பாங்க் என்ற தாவர வளர்ப்பாளர் அமெரிக்காவில் பரப்பினார். நம் ஊரில் சீமைக்கருவேலம் செய்ததை இங்கே இது செய்கிறது. கரையை மூடிக்கொண்டு, நிழல் தரும் மரக்கன்று எதையும் எழும்பவிடாது. வேரோடு எடுக்க வேண்டும். தடித்த கையுறை போட்டுக்கொண்டு வாருங்கள், தோட்டத்துக்குப் போடும் துணிக் கையுறை பத்து நிமிஷம் தாங்காது.

ஓடையில பெரிய பெரிய மரம் விழுந்து கிடக்கு. அதைச் சுத்தம் பண்ணினா மீனுக்கு வழி கிடைக்குமே?

அப்படித்தான் ஒரு காலத்தில் அதிகாரிகளும் நினைத்தார்கள். வாஷிங்டன், ஆரிகன் ஆறுகளில் விழுந்த மரங்களை 1970கள் வரைகூட இழுத்துப் போட்டார்கள், மீனுக்கு நல்லது செய்வதாகவே நினைத்து. பிறகுதான் புரிந்தது. மரம் கிடந்தால் அதன் பின்னே பள்ளம் விழும், தண்ணீர் வேகம் குறையும், சரளை தங்கும், குஞ்சு ஒளிய இடம் கிடைக்கும். இப்போது காசு செலவழித்துக் கிரேன் வைத்து மரத்தைத் திரும்ப ஓடைக்குள் இறக்குகிறார்கள். தண்ணீர் இடுக்கு வழியாக ஓடினால் போதும், மீன் புகுந்துவிடும்.

நான் என் வீட்டு வாசல்ல கார் கழுவுறதுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். வீட்டுக்குள் குளியலறை, சமையலறைத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். தெருவோர மழைநீர்க் கம்பிவலைக்குள் போகும் தண்ணீர் பெரும்பாலும் எங்கேயும் சுத்தமாகாமல் பக்கத்து ஓடைக்கே போகும். சோப்பு மீனின் செவுளைப் பதம் பார்க்கும். கார் கழுவும் நிலையத்துக்குப் போங்கள், இல்லையென்றால் புல்தரையில் நிறுத்திக் கழுவுங்கள். பெயிண்ட் பிரஷ் கழுவின தண்ணீரும் வலைக்குள் வேண்டாம்.

இதைவிடப் பெரிய விஷயம் டயர். சியாட்டில் பக்கத்து ஓடைகளில் மழை பெய்ததும் கோஹோக்கள் முட்டையிடும் முன்பே, சில மணி நேரத்தில், வாயைப் பிளந்து சுற்றிச் சுற்றி நீந்திச் செத்தன. வயிறு நிறைய முட்டையோடு. ஏன் என்று பல வருஷம் புரியவில்லை. 2020 டிசம்பரில் விடை வந்தது: டயர் ரப்பர் விரிசல் விடாமலிருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து இன்னொன்றாக மாறி, சாலைத் தூசியோடு ஓடையில் இறங்குகிறது. துளி அளவே கோஹோவைக் கொல்லும். சம் சால்மனை ஒன்றும் செய்வதில்லை.

எங்ககிட்ட மின்சாரக் கார்தான் இருக்கு, அப்ப பரவாயில்லையே?

புகை இல்லை, டயர் இருக்கிறதே. பேட்டரி கனத்தால் டயர் இன்னும் சீக்கிரம் தேயும். மாற்று வேதிப்பொருளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு நல்ல செய்தி: அதே சாலைத் தண்ணீரை மணலும் மக்கிய உரமும் கலந்த மண் வழியாக வடியவிட்டுப் பார்த்தபோது கோஹோ பிழைத்தது. தெருவோரத்தில் பள்ளமாக ஒரு செடிப்பாத்தி, மழைத்தோட்டம் என்பார்கள், அதற்காகத்தான். உங்கள் குடியிருப்புச் சங்கத்தில் புல்வெளிக்கு ஒதுக்கும் பணத்தில் அதற்கும் கொஞ்சம் கேளுங்கள்.

பொரிப்பக மீனே காட்டு மீனைக் கெடுக்குதுன்னு படிச்சேன். அப்ப நீங்க பண்றது தப்புதானே?

படித்தது சரி. தொட்டியில் பிழைக்கத் தோதான குணங்கள் ஓடையில் பிழைக்க உதவாது. ஆரிகனின் ஹூட் ஆற்றில் சால்மனின் உறவான ஸ்டீல்ஹெட் மீன்களை ஆராய்ந்து 2007ல் வெளியிட்டார்கள்: தொட்டியில் வளர்ந்த ஒவ்வொரு தலைமுறைக்கும் இயற்கையில் இனம் பெருக்கும் திறன் சுமார் 40 சதவீதம் விழுகிறது. போதாததற்கு இரைக்கும் இடத்துக்கும் காட்டு மீனோடு போட்டி. ப்யூஜெட் சவுண்ட் சினூக் 1999லிருந்து அழியும் ஆபத்தில் உள்ளவை என்ற பட்டியலில் இருக்கிறது. நூறு வருஷப் பொரிப்பகங்கள் அதைத் தடுக்கவில்லை.

அப்படியானால் மூடிவிடலாமா? இங்கேதான் சிக்கல். இந்தக் கடலில் எண்பதுக்கும் குறைவாக மிஞ்சியிருக்கும் ஓர்க்கா திமிங்கலக் கூட்டத்தின் முக்கிய இரை சினூக். பழங்குடியினரின் உரிமை ஒன்றும் இருக்கிறது, அடுத்த கேள்வியில் சொல்கிறேன். ஓடைகள் சரியாகும் வரை பொரிப்பகம் ஓர் ஊன்றுகோல் என்பது என் நிலை. ஊன்றுகோலைக் காட்டி, கால் குணமாகிவிட்டது என்று சுற்றுலாக் கூட்டத்திடம் நான் சொல்வதில்லை.

பழங்குடியினருக்குப் பாதி மீன்னு சட்டமாமே, அது சலுகையா?

சலுகை இல்லை, ஒப்பந்தம். 1855ல் பாயிண்ட் எலியட் ஒப்பந்தத்தில் அவர்கள் நிலத்தைக் கொடுத்தார்கள், வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை மட்டும் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அதை மதிக்காமல், மீன் பிடித்தவர்களைக் கைது செய்தார்கள். 1974ல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தகுந்த மீனில் பாதி வரை அவர்களுக்கு என்று தீர்ப்பளித்தார். 1979ல் உச்ச நீதிமன்றமும் பெரும்பாலும் அதையே உறுதி செய்தது. இந்த நீர்நிலைகளில் மக்கிள்ஷூட் மக்கள் மாநிலத்தோடு சேர்ந்து முடிவெடுக்கும் கூட்டு நிர்வாகிகள். மீனே இல்லாத ஓடையில் மீன்பிடி உரிமை வெறும் காகிதம். ஆகவே பொரிப்பகத்தை மூடுவது மாநிலம் மட்டும் எடுக்கிற முடிவு இல்லை.

நம்ம ஊர்ல இந்த மாதிரி ஏதாவது உண்டா?

சென்னையில் 1988லிருந்து மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது. இரவில் கடற்கரை நெடுக நடந்து பங்குனி ஆமை முட்டைகளைச் சேகரித்து, வேலியிட்ட மணலில் புதைத்து, பொரித்த குஞ்சை உடனே கடலில் விடுவார்கள். தீனி போட்டு வளர்ப்பது கிடையாது, அதனால் தொட்டியில் வளர்ந்து குணம் மாறும் சிக்கல் அங்கே குறைவு. ஊரிலிருந்து வந்தவர்களிடம், 'பெசன்ட் நகர் ஆமை நடை போயிருக்கீங்களா' என்று நான் கேட்பதுண்டு. பத்தில் ஒருவர் போயிருந்தால் அதிகம்.

இவ்வளவு பேசறீங்களே, நீங்க சால்மன் சாப்பிடுவீங்களா?

சாப்பிடுவேன். பண்ணையில் வளர்க்காத, இயற்கையாக வளர்ந்த சாக்கை கிடைத்தால் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு தடவி வறுவல். சினூக்கைவிடக் கொழுப்பு குறைவு, துண்டு உடையாது. சினூக் எண்ணெய் மிகுந்தது, குழம்பில் போட்டால் மேலே மிதக்கும். அதைச் சும்மா உப்பு தடவிச் சூட்டடுப்பில் வைப்பதோடு சரி. ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு நெத்திலி போட்ட மாதிரி புளிக்குழம்பு வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, 'மீன் நல்லாத்தான் இருக்கு, ஆனா இதுல முள்ளே இல்லையேடி' என்றார்.